அறுவது எந்த இணைப்பு? ஹொட்ஸ்பொட் வைத்தியங்கள் பற்றிய ஒரு தீர்ப்பு

கைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்த கணினி அடிக்கடி அறுந்துபோனால், கிளிநொச்சியில் முதலில் சந்தேகிக்கப்படுவது கணினிதான். ஸூம் வகுப்பு நடுவில் நின்றுவிடும். பல்கலைக்கழக விண்ணப்பம் பாதியில் தொங்கும். மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு ஏ9 வீதியோரத்துக் கடைக்குப் போகிறோம். அங்கே வின்டோஸைப் புதிதாகப் போட்டுத் தருகிறார்கள். கடையில் நன்றாக ஓடுகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் சில நாளில் பழையபடி அறுகிறது. இந்தச் சுற்று ஏன் ஓயவில்லை, புழக்கத்தில் உள்ள வைத்தியங்களில் எது நின்றுபிடிக்கும், எது காசையும் டேட்டாவையும் தின்றுவிட்டுப் போகும் என்று ஒவ்வொன்றாக எடைபோட வேண்டியிருக்கிறது. இங்கே ஹொட்ஸ்பொட் அவசரத்துக்கு எடுக்கும் மாற்றுவழி அல்ல. பல வீடுகளுக்கு இணையம் என்றால் அது மட்டுந்தான்.

அப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் கிளிநொச்சி மாவட்டத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 113,000 பேர். மாவட்டத்தின் பரப்பு 1,279 சதுர கிலோமீற்றர். அதே கணக்கெடுப்பில் கொழும்பு மாவட்டத்தில், இதில் ஏறத்தாழப் பாதி நிலத்தில், 23 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். ஆட்கள் ஐதாக வாழும் இடத்தில் டவர்களும் ஐதாகவே நிற்கும்; வீட்டுக்கு வீடு கம்பி இழுக்கும் நிறுவனமும் கணக்குப் பார்த்தே இழுக்கும். மீள்குடியேற்றத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் பல வீடுகளுக்கு முதலில் வந்தது சீடிஎம்ஏ என்ற கம்பியில்லாத் தொலைபேசி. பிறகு கணினியில் செருகும் டொங்கிள் வந்தது. அதன் பிறகு போனே டொங்கிளின் வேலையையும் எடுத்துக்கொண்டது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் வாட்ஸ்அப்புக்கும் ஸூமுக்கும் போனபோது, ஒரு வீட்டின் ஒரே போன் எல்லாப் பிள்ளைகளுக்கும் வகுப்பறை ஆனது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடந்தது. சுவரில் செருகும் ரவுட்டர்கள் அணைந்து கிடந்த அந்த நாள்களில் பற்றரியில் ஓடும் போன்தான், டவரின் பற்றரி தாங்கும் வரைக்கும், கைகொடுத்தது. ஆகவே ஹொட்ஸ்பொட்டை இழிவாகப் பேசுவதற்கு நியாயம் இல்லை. அதன் குறைகளை நுணுக்கமாகப் பார்ப்பதற்கு நிறைய நியாயம் உண்டு.

ஹொட்ஸ்பொட்டில் இருப்பவை இரண்டு இணைப்புகள். ஒன்று கணினிக்கும் போனுக்கும் இடையே சில அடி தூரத்தில் ஓடும் வைஃபை. மற்றது போனுக்கும் டவருக்கும் இடையே சில கிலோமீற்றர் வரை நீளும் மொபைல் டேட்டா. இரண்டில் எது முறிந்தாலும் வேலை செய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: பக்கம் திறக்காது, ஆசிரியரின் முகம் உறைந்து நிற்கும். கைமாறிக் கைமாறி வரும் வைத்தியக் குறிப்புகளில் பெரும்பாலானவை முதல் இணைப்பைக் குறிவைத்து எழுதப்பட்டவை. அவற்றை எழுதியவர்களின் ஊரில் டவர் பக்கத்திலேயே நிற்கிறது. இரண்டாவது இணைப்பைச் சந்தேகிக்க அவர்களுக்குத் தேவை வரவில்லை. வட்டக்கச்சியிலோ அக்கராயனிலோ முழங்காவிலிலோ இருந்து படிக்கும் பிள்ளைக்கு அந்த அனுமானத்தை அப்படியே பொருத்த முடியாது. குளத்தில் நீர் இல்லாதபோது வாய்க்காலைத் துப்புரவாக்கிக்கொண்டு நிற்பதில் பயன் இல்லை.

கடையில் சரியாகி வீட்டில் பிழைக்கும் மர்மத்துக்கும் விடை இதிலேயே கிடைக்கிறது. கடை நகரத்தில் இருக்கிறது. அங்கே சிக்னல் வலுவாக இருக்கும். பல வேளை கடையின் சொந்த வைஃபையிலேயே சோதித்துத் தருவார்கள். அந்தச் சோதனையில் தேறியது கணினியின் வைஃபை மட்டும். வீட்டுக்கும் டவருக்கும் இடையிலான இணைப்பைக் கடைக்காரர் சோதிக்கவே இல்லை. அவரால் அங்கிருந்து சோதிக்கவும் முடியாது. கடைக்காரரின் திறமையைக் குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நோயாளி வீட்டில் இருக்க, அவருடைய சட்டையை மட்டும் கொண்டுபோய்க் காட்டுகிறவர்கள் நாங்கள்தான்.

எனவே எந்த வைத்தியத்தையும் தொடுமுன் எந்த இணைப்பு அறுகிறது என்று பிரித்தறிய வேண்டும். அதற்குச் செலவே இல்லை. கணினி நின்றுபோகும் அதே நிமிடத்தில் போனைக் கையில் எடுத்து, அதில் முன்பு திறந்திராத ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். பார்த்த பக்கம் வேண்டாம். அது போனின் நினைவிலிருந்தே திறந்து ஏமாற்றிவிடும். போனிலும் திறக்காவிட்டால் பிழை டவர்ப் பக்கம். போனில் உடனே திறந்து, கணினியில் மட்டும் திறக்காவிட்டால் பிழை வைஃபைப் பக்கம். வீட்டில் இன்னொரு போன் இருந்தால் அதையும் அதே ஹொட்ஸ்பொட்டில் இணைத்து வைக்கலாம். கணினி அறும் நேரத்திலேயே அதுவும் அறுகிறதென்றால் கணினியின் மேல் குற்றம் சுமத்த இடமில்லை.

கட்டளைச் சாளரம் பழகியவர் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். இரண்டு சாளரங்களில் பிங் கட்டளையை ஓடவிட வேண்டும்: ஒன்றில் போனின் முகவரிக்கு, மற்றதில் கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கு. ஐபோன் என்றால் அதன் முகவரி 172.20.10.1. பழைய அன்ட்ரொயிட் போன்களில் 192.168.43.1 என்று இருக்கும். புதியவற்றில் மாறும் என்பதால் கணினியின் வைஃபை விவரத்தில் கேட்வே என்ற இடத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். முதற் சாளரம் ஒழுங்காக ஓட, இரண்டாவது நின்றுபோனால் வைஃபைக்கு மருந்து தேடுவதை அன்றோடு விட்டுவிடலாம். ஒரு மாலைப்பொழுது இப்படிப் பார்த்தவருக்குக் கிடைக்கும் தெளிவு, பத்துப் பேரிடம் கேட்டாலும் கிடைக்காது.

வின்டோஸ் தானாகச் சொல்லும் சாட்சியத்தையும் முழுதாக ஏற்க வேண்டாம். இணையம் இருக்கிறதா என்று அறிய அது மைக்ரோசொப்டின் ஒரு சோதனைப் பக்கத்தைத் தொட்டுப் பார்க்கிறது. கிடைக்காவிட்டால் இணையம் இல்லை என்று எழுதிவிடுகிறது. குறிப்பிட்ட செயலிக்கு மட்டும் என்று வாங்கிய டேட்டாப் பொதி மிச்சமிருந்து, பொதுவான டேட்டா தீர்ந்துவிட்டால், அந்தச் செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே வின்டோஸ் இணையம் இல்லை என்று சொல்லும். அது பழுது அல்ல. மிச்சம் எவ்வளவு என்று பார்த்து ரீலோட் செய்ய வேண்டிய இடம்.

இனி முதல் இணைப்புக்குச் சொல்லப்படும் வைத்தியங்கள்.

எல்லோரும் முதலில் சொல்வது, கணினியின் டிவைஸ் மனேஜரில் வைஃபைக் கருவியைத் திறந்து, மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிடுவது. இது பொய் வைத்தியம் அல்ல. ஆனால் தாங்கக்கூடியதைவிட அதிக புகழைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. கணினி சும்மா கிடக்கும்போது, அல்லது மூடித் திறந்த பின், இணைப்பு வராமல் போகும் நோய்க்கே அது மருந்து. கேட்டுக்கொண்டிருக்கும் வகுப்பின் நடுவில் அறுகிறதென்றால், அந்த வேளை கணினி தூங்கவே இல்லை. குறியை எடுத்து என்ன ஆகப்போகிறது? புதிய மடிக்கணினிகள் பலவற்றில் அந்தப் பக்கமே காட்டப்படாது என்பதால், தேடித் தேடிக் களைத்துப்போகிறவர்களும் உண்டு. இதைவிடக் கவனிக்க வேண்டியது மின்திட்ட அமைப்பில் உள்ள வைஃபைச் சேமிப்பு நிலை. சார்ஜரில் செருகியிருக்கும்போது ஒழுங்காகவும், கரண்ட் போய்ப் பற்றரியில் ஓடும்போது அறுந்தும் போகிறதென்றால் சந்தேகம் இதன் மேல் விழ வேண்டும். அதை முழு வலுவுக்கு மாற்றினால் பற்றரி கொஞ்சம் முந்தித் தீரும், இணைப்பு நிற்கும்.

கணினியைத் துருவித் துருவிப் பார்க்கிறவர்கள் போனின் அமைப்பைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். அன்ட்ரொயிட் போன்களில், இணைந்த கருவி எதுவும் இல்லாவிட்டால் சிறிது நேரத்தில் ஹொட்ஸ்பொட் தானாக அணையும்படி அமைப்பு இருக்கிறது. பலவற்றில் அது 10 நிமிடம். கணினி தூங்கியதும் போன் காத்திருந்து அணைந்துகொள்கிறது. கணினி விழிக்கும்போது இணைய எதுவும் இல்லை. ஹொட்ஸ்பொட் அமைப்புக்குள் போய் அந்த நேரவரம்பை எடுத்துவிட்டால் போதும். ஐபோனில் முதல் முறை இணையும் வரை ஹொட்ஸ்பொட் திரையை மூடாமல் வைத்திருக்க வேண்டும் என்று அப்பிளே சொல்கிறது. போனின் பற்றரி சேமிப்பு நிலையும் ஹொட்ஸ்பொட்டின் எதிரி. இவற்றைச் சரிசெய்ய ஒரு நிமிடம் போதும், எதையும் இழக்க வேண்டியதில்லை, பிடிக்காவிட்டால் பழையபடி வைத்துக்கொள்ளலாம். முதல் இணைப்புக்கான வைத்தியங்களில் இதற்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

அடுத்தது அலைவரிசை. 2.4 கிகாஹேர்ட்ஸை விட்டு 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறுங்கள், வேகமும் கூடும் அறவும் மாட்டாது என்பது பரவலான அறிவுரை. கொழும்பில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்கு இது சரி. அங்கே சுவருக்குச் சுவர் ரவுட்டர்கள், 2.4இல் ஒன்றோடொன்று மோதாத வழிகள் மூன்றே மூன்று. கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டக் காணிகளில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே முழு வளவு கிடக்கிறது. அங்கே 2.4இல் நெரிசல் ஏது? மாறாக 5 கிகாஹேர்ட்ஸ் அலை ஒரு கல்சுவரைத் தாண்டியதும் தளர்ந்துபோகும். போனை முன் விறாந்தையில் வைத்து உள்ளறையில் படிக்கும் வீட்டுக்கு 2.4தான் பொருத்தம். ஐபோன் 12இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் இதற்கென்றே, பழைய கருவிகளுக்கு ஏற்றதாக மாற்றும் ஒரு பொத்தான் இருக்கிறது. கைமாறி வந்த பழைய மடிக்கணினிகள் பல 5 கிகாஹேர்ட்ஸைக் காணவே மாட்டாதவை என்பதால் அதை அழுத்தியே ஆக வேண்டும். நகரத்துக் கடைத்தொகுதியிலும், அறிவியல்நகர்ப் பக்கம் மாணவர்கள் பலர் சேர்ந்து அறை எடுத்திருக்கும் வீடுகளிலும் நிலைமை வேறு. அங்கே 5ஐ ஒருமுறை சோதிப்பது நியாயம். ஒரே அறிவுரை ஒரே மாவட்டத்துக்குள்ளேயே இடத்துக்கு இடம் சரியாகவும் பிழையாகவும் ஆகிறது.

2.4இல் இருப்பவர் கவனிக்க இன்னொன்று உண்டு. யூஎஸ்பி 3.0 கருவிகளும் கேபிள்களும் இதே அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்புகின்றன என்று இன்டெல் நிறுவனமே 2012இல் எழுதியிருக்கிறது. வெளி ஹார்ட் டிஸ்கைச் செருகியதும் இணைப்புத் தள்ளாடினால் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பழைய கணினி புதிய போனோடு இணைய மறுத்தாலோ, இணைந்து இணைந்து விலகினாலோ, ஹொட்ஸ்பொட்டின் பாதுகாப்பை டபிள்யூபிஏ3இலிருந்து டபிள்யூபிஏ2க்கு இறக்கிப் பார்ப்பது தகும். டிரைவரைப் புதுப்பிப்பதும் நல்லதே; ஆனால் கணினியைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். எல்லா டிரைவரையும் ஒரே அழுத்தில் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

வின்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவது பற்றி என் கருத்துக் கடுமையானது. இந்த நோய்க்கு அது ஏறக்குறைய எப்போதும் தவறான வைத்தியம். வைஃபைக் கார்ட் பழுதானால் புது வின்டோஸிலும் அது பழுதுதான். டவர் பலவீனம் என்றால் சொல்லவே வேண்டாம். கணினிக்கு ஏற்ற டிரைவர் போய்ப் பொதுவான டிரைவர் வந்து உட்கார்வதால், இருந்த நிலைமை மோசமாவதும் உண்டு. அதன் பிறகு புதுப்பித்தல்கள் பல கிகாபைட் கணக்கில் இறங்குகின்றன. அத்தனையும் அதே ஹொட்ஸ்பொட் வழியே, ரீலோட் செய்த காசில். பிள்ளையின் குறிப்புகளும் படங்களும் போனால் திரும்ப வராது. வலையமைப்புப் பகுதியில்தான் குழப்பம் என்று உறுதியானால், வின்டோஸ் அமைப்புகளுக்குள் இருக்கும் நெட்வேர்க் ரீசெட் போதும். சேமித்த வைஃபைக் கடவுச்சொற்கள் போகும். கோப்புகள் அப்படியே இருக்கும். வைரஸ் பிடித்து முழுக் கணினியும் தள்ளாடினால் அழித்துப் போடுவதை ஏற்கலாம். ஹொட்ஸ்பொட் அறுகிறது என்ற ஒரே முறைப்பாட்டுக்கு அழித்துப் போடச் சம்மதிக்காதீர்கள்.

இரண்டாவது இணைப்புக்கு வருவோம். வன்னியில் நோய் பெரும்பாலும் மறைந்திருக்கும் இடம் இதுவே என்று நான் கருதுகிறேன். வைத்தியக் குறிப்புகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே.

முதற் சந்தேகநபர் ஓர் அழைப்பு. எங்கள் ஊரில் போனில் இரண்டு சிம் போடுவது சாதாரணம்: ஒன்று டேட்டாவுக்கு, மற்றது உறவினர் எல்லோருக்கும் தெரிந்த பழைய இலக்கம். இரட்டைச் சிம் போன்களில் பெரும்பாலானவை ஒரு நேரத்தில் ஒரு சிம்மோடு மட்டுமே முழுதாக இயங்கக்கூடியவை. பழைய இலக்கத்துக்கு அழைப்பு வந்து பேசத் தொடங்கியதும் மற்றச் சிம்மின் டேட்டா நின்றுவிடும். பேசி முடித்ததும் திரும்ப வரும். அம்மா குசினியில் போனை எடுத்துப் பேசுகிறா, மகள் அறையில் வகுப்பை இழக்கிறாள், இரண்டுக்கும் தொடர்பு இருப்பது இருவருக்குமே தெரியாது. கடையில் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க வழியே இல்லை, அங்கே யாரும் அந்த இலக்கத்துக்கு அழைப்பதில்லை. ஒரே சிம் என்றாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. 4ஜி வழியே குரலைக் கொண்டுசெல்லும் வசதி போனிலோ அந்த இடத்திலோ இல்லாவிட்டால், அழைப்பு வந்ததும் போன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்குகிறது. 3ஜியில் டேட்டா தடுமாறி ஓடும். 2ஜியில் பொதுவாக நின்றுவிடும். வைத்தியம் எளிது: போனில் 4ஜி அழைப்பு வசதி அணைந்திருந்தால் போட்டுவிட வேண்டும், பரீட்சை, நேர்முகம், வகுப்பு நேரங்களில் இரண்டாவது சிம்மை அமைப்பிலேயே தற்காலிகமாக அணைத்துவிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் வாட்ஸ்அப் அழைப்பு டேட்டாவை நிறுத்தாது, பங்குபோடும்.

அடுத்தது சிக்னல். போனின் மேல்மூலையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். அன்ட்ரொயிட்டில் சிம்மின் நிலை என்ற பக்கத்தில் டெசிபல் கணக்கில் ஓர் எண் இருக்கும். 4ஜியில் அது கழித்தல் 90க்கு மேலே இருந்தால் நலம்; கழித்தல் 110க்குக் கீழே போனால் துண்டிப்பை எதிர்பார்க்கலாம். இந்தக் கணக்கில் 10 என்பது பத்து மடங்கு வலு. மேசையிலிருந்து ஜன்னலுக்கு நகர்த்தியதில் கழித்தல் 112 கழித்தல் 102 ஆனால், போனுக்கு வந்து சேரும் அலை பத்து மடங்காகிவிட்டது என்று அர்த்தம். தகரக் கூரை அலையை அடைத்துத் திருப்பிவிடும் பொருள். தகரத்தின் கீழே நடுவீட்டில் போனை வைத்துவிட்டுக் கணினியைத் திட்டுவது அநியாயம். சிக்னல் மெலிந்த இடத்தில் போன் 4ஜிக்கும் 3ஜிக்கும் இடையே ஏறி இறங்குவதும் ஒரு துண்டிப்புத்தான். நின்றுபோகும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் ஒழுங்காக ஓடி, பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு தள்ளாடினால், ஒரே டவரை ஊரே பங்கிடுகிறது. அதற்குக் கணினியிலும் மருந்து இல்லை, போனிலும் இல்லை. குரல் மட்டும் என்றால் ஸூமுக்கு நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும். வீடியோவை அணைத்தால் வகுப்பைக் காப்பாற்றலாம். அந்தச் சிறிய அளவும் போகாமல் குரலும் அறுகிறதென்றால், நெரிசல் மிகக் கடுமையாக இருக்கிறது, அல்லது இணைப்பே முறிகிறது.

வெயில் மூன்றாவது. ஐபோனை 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரையான சூழலில் பயன்படுத்தும்படி அப்பிள் சொல்கிறது. அளவுக்கு மிஞ்சிச் சூடானால் மொபைல் அலைவாங்கி குறைந்த வலுவுக்கு இறங்கும், சிக்னல் மெலியும் என்றும் சொல்கிறது. சித்திரை வைகாசியில் கிளிநொச்சிப் பகல் 35 பாகையைத் தொடுவது புதினம் அல்ல. அந்த வெயிலில் ஜன்னல் விளிம்பில், சார்ஜரில் செருகியபடி, ஹொட்ஸ்பொட்டும் ஓடினால் எந்தப் போனும் திணறும். ஜன்னல் வேண்டும், நிழலும் வேண்டும், உறையைக் கழற்றிவிடவும் வேண்டும்.

கணினி பின்னணியில் டேட்டாவை உறிஞ்சுவதைத் துண்டிப்பு என்று எண்ணுகிறவர்களும் உண்டு. அந்த ஹொட்ஸ்பொட்டை வின்டோஸில் மீற்றர் கணக்குள்ள இணைப்பு என்று குறித்துவிட்டால் புதுப்பித்தல்களில் பெரும்பகுதி காத்திருக்கும். இதைச் செய்யாமல் இருக்கக் காரணமே இல்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒரு சாதாரணப் பொருளுக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை: யூஎஸ்பி கேபிள். போனைக் கேபிளால் கணினியோடு இணைத்து, போனின் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் வைஃபை முழுதாக விலகிக்கொள்கிறது. அலைவரிசை, கடவுச்சொல், மின்சேமிப்பு, பழைய வைஃபைக் கார்ட் எல்லாம் ஒரே அடியில் கேள்விக்கு வெளியே போகின்றன. அதனால் கேபிள் மருந்தாகும் முன்பே சோதனையாகிறது. கேபிளில் ஓடி வைஃபையில் அறுந்தால் குற்றம் வைஃபையில். கேபிளிலும் அறுந்தால் குற்றம் டவர்ப் பக்கம். அன்ட்ரொயிட் போனை வின்டோஸ் தானாக அடையாளம் காணும். ஐபோனுக்கு அப்பிளின் மென்பொருள் கணினியில் இருக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் கேபிள்கள் சில சார்ஜ் மட்டும் ஏற்றுபவை, டேட்டாக் கம்பி இல்லாதவை. வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டும்.

கேபிளுக்கு எதிரான வாதங்களையும் கேட்க வேண்டும். கரண்ட் இல்லாத நேரம் போன் மடிக்கணினியின் பற்றரியைக் குடிக்கும். ஒரு கணினிக்குத்தான் கொடுக்கலாம். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் காணாது. எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு வேறு: போன் நிற்க வேண்டிய இடத்தைத் தீர்மானிப்பது டவர், கணினி நிற்க வேண்டிய இடத்தைத் தீர்மானிப்பது மேசை. சிக்னல் ஜன்னலில் கிடைத்து மேசை அடுத்த அறையில் இருந்தால் கேபிள் எட்டாது; யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீற்றர்தான் எல்லை. அந்த வீட்டுக்குப் போனை ஜன்னலில் வைத்து 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையே சரி. மேசையை ஜன்னலுக்கு நகர்த்தக்கூடிய வீட்டில் கேபிளை வெல்ல எதுவும் இல்லை. புளூடூத் வழியே இணைப்பது மிக மெதுவானது. ஒரு மின்னஞ்சல் அனுப்ப ஆகும், வகுப்புக்கு ஆகாது.

இதற்கெல்லாம் ஏன் மாய வேண்டும், ஒரு 4ஜி ரவுட்டரை வாங்கிவிடலாமே என்று கேட்பவர் உண்டு. அவருக்குப் பாதி நியாயம் இருக்கிறது. ரவுட்டருக்கு அழைப்பு வராது, யாரும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகமாட்டார்கள், சூடாகி அணைவது குறைவு, சிலவற்றில் வெளி அன்டெனா பொருத்தலாம். இரண்டு பேருக்கு மேல் படிப்போ வேலையோ இணையத்தில் தொங்கும் வீட்டுக்கு அது செலவு அல்ல, தேவை. ஆனால் சிக்னலே மெலிந்த இடத்தில் அன்டெனா இல்லாத ரவுட்டர் போனைவிடப் பெரிதாக எதையும் சாதிக்காது. கரண்ட் போனால் சிறிய யூபிஎஸ் இல்லாமல் அது நின்றுவிடும். வாங்குமுன், அதே நிறுவனத்தின் சிம் போட்ட போனை ரவுட்டர் நிற்கப்போகும் இடத்தில் வைத்து அந்த டெசிபல் எண்ணைப் பார்க்க வேண்டும். 2025 யூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் டவரையே தேவையற்றதாக்குகிறது என்பது உண்மை. அதன் கட்டணம் கூலிவேலை செய்யும் வன்னி வீடு ஒன்றுக்கு எட்டாது என்பதும் உண்மை.

என் தீர்ப்பு இது. கிளிநொச்சியில் இந்த நோயைக் கணினியின் நோயாக எடுத்துக்கொள்வது முதற் பிழை. போனைக் கையில் எடுத்துப் பார்க்கும் சோதனையும் கேபிளும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும். அவற்றுக்கு அடுத்து ஹொட்ஸ்பொட்டின் நேரவரம்பு, இரண்டாவது சிம், போன் வைக்கும் இடம். டிவைஸ் மனேஜர் வைத்தியமும் டிரைவரும் அவற்றுக்கும் பிறகு. வின்டோஸை அழிப்பது பட்டியலிலேயே வேண்டாம். பிழை டவர்ப் பக்கம் என்று தெரிந்தவர் அதைத் தன் விதி என்று விட்டுவிடவும் வேண்டாம். கட்டணம் வாங்கும் நிறுவனத்துக்கு முறைப்பாடு கொடுக்க வேண்டும், அது கேளாவிட்டால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. இணையம் சரியில்லை என்று வெறுமனே சொன்னால் எடுபடாது. எந்தக் கிராமம், எந்தத் திகதி, எத்தனை மணிக்கு அறுந்தது, அப்போது டெசிபல் எண் என்ன என்று ஒரு கிழமைக்குக் கொப்பியில் குறித்து, அயல்வீட்டாரின் குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால், மடிக்கணினியோடு அந்தப் போனையும் அந்தக் கேபிளையும் கொண்டுபோய், கடையின் வைஃபையில் அல்ல, உங்கள் ஹொட்ஸ்பொட்டில் சோதித்துத் தரும்படி கேளுங்கள்.